கருப்புச் சுவரில் கிளம்பிய உப்பு: ஒரு சென்னை வீட்டின் நிகழ்வு ஆய்வு

சென்னையின் தென்பகுதியில் தரைத்தளமும் மூன்று மாடியுமாக நிற்கும் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. கட்டி ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று. அதன் சின்ன அறையில் நான்கு சுவருக்கும் கருப்பு எமல்ஷன் அடித்தார்கள். வேலை ஆனி மாதம் முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை போய், தை பிறந்தபோது ஒரு சுவரின் அடியில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் கிளம்பின. பழி பெயின்டர்மேல் விழுந்தது. அவருக்குத் தர வேண்டிய கடைசித் தவணை நின்றுபோனது. சுவர்ப் பழுது பார்த்துச் சொல்வது என் தொழில் என்பதால் மாசியில் என்னைக் கூப்பிட்டார்கள்.

இந்த வீட்டை விரிவாக எழுதக் காரணம் உண்டு. கருப்புச் சுவர் பற்றிப் பேசுகிறவர்கள் நிறத்தைப் பற்றியே பேசுகிறார்கள்: அழகா, அமங்கலமா, அறை சின்னதாகத் தெரியுமா என்று. நான் பார்த்தவரையில் நிறம் இதில் கடைசி விஷயம். பெயின்டர் வருவதற்கு முன்னால் அந்தச் சுவரைத் தொட்ட கொத்தனார், பிளம்பர், டைல்ஸ் பதித்தவர் எல்லாருடைய வேலையும் கருப்பில் வெளியே வந்துவிடும். கடைசியாகச் சுவரைத் தொட்டவர் என்பதால் திட்டு மட்டும் பெயின்டருக்கு.

அறையும் ஆசையும்

அறை 10 அடிக்கு 11 அடி, உயரம் ஒன்பதரை அடி. வடக்குப் பார்த்த ஒரே ஜன்னல். 11 அடிச் சுவர்களில் ஒன்றுக்கு அந்தப் பக்கம் குளியலறை. முன்பு சுவர் முழுக்க சந்தன நிற டிஸ்டெம்பர். கணவருக்கு ராத்திரியில் படம் பார்க்கும் பழக்கம். அந்த அறையில் பெரிய டிவி வைத்து, டிவியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத மாதிரி இருக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. மனைவிக்கும் பிடித்திருந்தது. கணவரின் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த அம்மாவின் எதிர்ப்பை வீட்டில் யாரும் சரியாகக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். "வீட்டுக்குள்ள கருப்பு ஆகாது" என்று அவர் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் பழைய நம்பிக்கைம்மா" என்று பேச்சை முடித்துவிட்டார்கள். நான் போனபோது அவரிடம் உட்கார்ந்து பேசினேன். "தம்பி, ராத்திரி மாத்திரை எடுக்க அந்த ரூமுக்குத்தான் போவேன். கட்டிலும் கருப்பு மாதிரி, செவுரும் கருப்பு. எது எங்க முடியுதுன்னே தெரியல, ரெண்டு தடவை முட்டியில இடிச்சுக்கிட்டேன்" என்றார். ஆகாது என்று அவர் சொன்னதற்குள் இதுவும் இருந்தது. வயதான கண்ணுக்கு ஒரு பொருள் தன் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். கருப்புச் சுவரில் வெள்ளை சுவிட்ச் போர்டு நன்றாகவே தெரியும். அடர்ந்த தேக்கு நிறக் கட்டில்தான் சுவரோடு சேர்ந்து மறைந்துவிடும். கட்டில் காலுக்கும் விளிம்புக்கும் வெளிர் துணி போடச் சொன்னேன். கதவோரத்தில் தரையை ஒட்டி ஒரு சின்ன இரவு விளக்கு வைக்கச் சொன்னேன். அன்றே செய்தார்கள்.

அமங்கலம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நம்முடைய பழைய வீடுகளில் கருப்பு ஆக்சைடு தரை உண்டு, கடப்பா கல் அலமாரி உண்டு. எண்ணெய்க் காப்பு ஏறிக் கருகருவென்று நிற்கும் மூலவரைத்தான் கும்பிடுகிறோம். குழந்தையின் கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டும் கருப்புதான். பள்ளிக்கூடத்தில் ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நமக்குக் கருப்பு அந்நியமில்லை. படுக்கையறைச் சுவருக்கு ஏறியதுதான் புதிது. அதனால் பெரியவர்கள் மறுக்கும்போது சாஸ்திரம் என்று ஒதுக்காமல், எந்த இடத்தில் எதற்குச் சங்கடப்படுகிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

சுவரில் இருந்தது

நான் போனபோது மற்ற மூன்று சுவரிலும் பெரிய குறையில்லை. குளியலறையை ஒட்டிய சுவரில்தான் எல்லாம். சுவரடியில் தரையை ஒட்டிப் பதித்த ஸ்கர்ட்டிங் கல்லுக்கு மேலே தொடங்கி முழங்கால் உயரம் வரை, ஒரு மூலையில் இன்னும் கொஞ்சம் மேலேறி, அலையலையான வெள்ளைக் கோடு. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சாக்பீஸால் வரைபடம் போட்ட மாதிரி இருந்தது. டார்ச்சோடு கிட்டே போய்ப் பார்த்தேன். கோடு என்று தெரிந்தது கோடே இல்லை. கருப்புப் படலத்தில் மயிரிழை வெடிப்புகள். அவற்றின் வழியே மிக மெல்லிய ஊசி ஊசியான படிகங்கள், பஞ்சு போல நிமிர்ந்து நின்றன. விரலால் தொட்டதும் பொடிந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்ததும் அந்த இடம் மறுபடி சுத்தக் கருப்பாகிவிட்டது. ஃபேன் காற்றில் காய்ந்தபின் மீண்டும் வெளுத்தது.

பூஞ்சையாக இருந்தால் தண்ணீரில் கரையாது. இது உப்பு. செங்கல்லிலும் சிமென்ட் கலவையிலும் மணலிலும் கரையக்கூடிய உப்புகள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். சுவருக்குள் தண்ணீர் புகுந்தால் அவை கரைந்து அதோடு நகரும். தண்ணீர் வெளிமுகத்துக்கு வந்து ஆவியாகும்போது உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். ‘சுவர் உப்பு பூத்திருக்கு’ என்று நம் கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் சுவர் காயாது. ஓதம் அடித்த மாதிரி கருத்துக் கிடக்கும். தையில் காற்று உலர ஆரம்பித்தபின்தான் உப்பு வெளியே தலைகாட்டும். அதனால்தான் ஆனியில் அடித்த பெயின்ட் ஆறு மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு, மழையெல்லாம் விட்ட பிறகு கெட்டுப்போன மாதிரித் தெரிந்தது. ‘மட்டமான பெயின்ட், ஒரு மழைக்குத் தாங்கவில்லை’ என்று வீட்டுக்காரர் முடிவுகட்டியதும் இதை வைத்துத்தான்.

பெயின்டரையும் வரவழைத்துப் பேசினேன். "சார், சுரண்டி எடுத்துட்டு பட்டி ரெண்டு கோட்டிங் பார்த்தேன். பிரைமர் ஒண்ணு, மேல மூணு கோட்டிங். டப்பாகூட அப்படியே வெச்சிருக்கேன், பாருங்க" என்றார். பட்டி என்பது பெயின்டுக்கு முன் சுவரைச் சமமாக்கப் பூசும் மாவுக் கலவை. டப்பாவைப் பார்த்தேன், கணக்கும் போட்டுப் பார்த்தேன். கதவு, ஜன்னல் போக அந்த அறையின் சுவர்ப் பரப்பு சுமார் 360 சதுர அடி. நல்ல எமல்ஷன் இரண்டு கோட்டிங்குக்கு லிட்டருக்கு 120 முதல் 140 சதுர அடி வரை போகும். மூன்று கோட்டிங் என்றால் நாலே கால் லிட்டர் அளவுக்கு வேண்டும். அவர் வாங்கியிருந்தது ஐந்து லிட்டர்; அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சொன்ன வேலையைச் செய்திருக்கிறார். அதே டப்பா, அதே ஆள், அதே வாரம் அடித்த மற்ற மூன்று சுவர்கள் நன்றாக இருக்கின்றன என்பதையும் வீட்டுக்காரருக்குச் சுட்டிக்காட்டினேன்.

தண்ணீர் வந்த வழி

சந்தேகப்பட மூன்று இடங்கள் இருந்தன: வெளிச்சுவர் வழியே மழை, சுவருக்குள் புதைத்த தண்ணீர்க் குழாய், குளியலறைத் தரை. உப்பு பூத்தது உள்சுவர்; ஜன்னல் இருக்கும் வெளிச்சுவர் உலர்ந்தே இருந்தது. அதனால் மழை அடிபட்டுப்போனது. குழாயா, தரையா என்பதற்கு அந்த வீட்டு மருமகள் போகிற போக்கில் சொன்ன ஒரு சேதி உதவியது. பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது சுவரடி ஈரமாகக் கருத்திருந்ததாம். திரும்பி வந்து பார்த்தால் ஈரம் போய் வெள்ளைக் கோடு வந்திருந்ததாம். குழாய் கசிந்தால் வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கசியும், ஏனென்றால் குழாய்க்குள் அழுத்தம் எப்போதும் இருக்கும். ஆள் இல்லாதபோது சுவர் காய்ந்தது என்றால், குளிக்கும் தண்ணீர்தான் எங்கோ இறங்குகிறது.

அந்த வயதுக் கட்டடங்களில் குளியலறைத் தளத்தை மற்ற அறைகளைவிடத் தாழ்த்திப் போடுவது வழக்கம். அந்தப் பள்ளத்தில் கழிவுக் குழாய்களைப் படுக்கவைத்து, உடைந்த செங்கல்லும் சிமென்ட் கலவையும் போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் பதிப்பார்கள். டைல்ஸ் இணைப்பில் போட்ட வெள்ளை சிமென்ட் சில வருடங்களில் அரித்துப்போகும். அந்த இடைவெளி வழியாகவும், தரைத் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பைச் சுற்றியுள்ள விளிம்பு வழியாகவும் தினமும் கொஞ்சம் தண்ணீர் பள்ளத்துக்குள் இறங்கும். இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. செங்கல் சுவர் அதைப் பக்கவாட்டில் உறிஞ்சி மேலே இழுக்கும். முழங்கால் உயரத்தில் நிற்கும் உப்புக் கோடு, அந்த ஏற்றம் எதுவரை வந்தது என்பதன் அடையாளம். மூலையில் கோடு உயர்ந்திருந்த இடத்துக்கு நேர் அந்தப் பக்கம் வாளி வைத்துக் குளிக்கும் குழாய் இருந்தது.

ஊகத்தோடு விட்டுவிடக் கூடாது என்பதால் சோதித்தோம். தண்ணீர்க் குழாயைப் பிளம்பர் கைப்பம்ப் வைத்து அழுத்திப் பார்த்தார், அழுத்தம் காட்டும் முள் இறங்கவில்லை. பிறகு நஹானி டிராப்பைத் துணி வைத்து அடைத்து, குளியலறைத் தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி ஒரு நாள் முழுக்க விட்டோம். அறைப்பக்கம் சுவரடியில் பாலிதீன் தாள் ஒன்றை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டிவைத்தேன். மறுநாள் தாளின் உட்பக்கத்தில், சுவரைப் பார்த்த முகத்தில், வியர்த்திருந்தது. அறைப்பக்க முகத்தில் வியர்த்திருந்தால் காற்றின் ஈரம் என்று சொல்லலாம். சுவர்ப்பக்கம் வியர்த்ததால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது. கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அவர்கள் குளியலறையின் பால்ஸ் சீலிங்கைத் திறந்து பார்த்தோம். மேல்தளத்தின் அடிப்பக்கம் நனைந்து, ஒரு இடத்தில் கம்பியின் துரு பழுப்பாகக் கசிந்து இறங்கியிருந்தது.

வீட்டுக்காரர் அதுவரை பெயின்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அந்தத் துருவைப் பார்த்தபின் பேச்சு மாறியது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. டிஸ்டெம்பர் இருந்த காலத்திலும் அந்தச் சுவரடியில் வெள்ளைப் பொடி விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அலமாரிக்குப் பின்னால் கூட்டும்போதெல்லாம், ‘சுண்ணாம்பு உதிருது’ என்று அள்ளிப் போட்டிருக்கிறார்கள். சந்தன நிறச் சுவரில் வெள்ளை உப்பு யார் கண்ணுக்கும் படவில்லை. தண்ணீர் எத்தனையோ காலமாக இறங்கிக்கொண்டிருந்தது. கருப்பு அடித்த முதல் வருடத்திலேயே பிடிபட்டது.

பழுதுபார்ப்பு

"திரும்ப லைட் கலரே அடிச்சுடலாமா?" என்று கேட்டார்கள். என்ன நிறமும் அடித்துக்கொள்ளலாம், ஆனால் குளியலறையைத் தொடாமல் அறையைத் தொட வேண்டாம் என்றேன். வெளிர் நிறம் அடித்திருந்தால் உப்பு மறுபடி கண்ணுக்கு மறைந்திருக்கும். தளத்துக் கம்பி துருப்பிடிப்பது நின்றிருக்காது.

குளியலறையில் தரை டைல்ஸ் முழுவதையும் பெயர்க்கத் தேவைப்படவில்லை. இணைப்புகளில் இருந்த பழைய சிமென்டைச் சுரண்டி எடுத்து தண்ணீர் புகவிடாத எபாக்ஸி கிரவுட் என்ற இணைப்புப் பசையைப் போட்டார்கள். சுவரும் தரையும் சேரும் மூலையையும் அப்படியே அடைத்தார்கள். நஹானி டிராப்பைச் சுற்றி மட்டும் டைல்ஸை உடைத்து, விளிம்பைப் பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சால் அடைத்து, மேலே புது டைல்ஸ் பதித்தார்கள். அது நன்றாக இறுகிய பிறகு மறுபடி ஒரு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்தோம். பள்ளத்தில் ஏற்கெனவே நின்ற தண்ணீர் வடியக் காலம் ஆகும் என்பதால், பாலிதீன் தாள் உடனே உலர்ந்துவிடவில்லை. வாரத்துக்கு வாரம் வியர்வை குறைந்துகொண்டே போனது. கீழ்வீட்டுத் தளமும் மெதுவாகக் காய்ந்தது. துருப்பிடித்த கம்பியைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் மூடினார்கள்.

அறைப்பக்கம் நாலடி உயரம்வரை பெயின்டையும் பட்டியையும் சுரண்டிப் பூச்சு தெரியும்படி விட்டுவிட்டோம். இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். கரைந்த உப்பு திரும்பவும் சுவருக்குள் போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே விழுந்ததைத் துடைத்து எடுப்பதே சரி. பங்குனி, சித்திரை வெயிலில் ஃபேனைப் போட்டு ஜன்னலைத் திறந்து வைத்தால் மிச்ச உப்பும் வெளியே வரும். வரவரத் தட்ட வேண்டும். ஒரு சுவரை வெயில்காலம் முழுக்க அம்மணமாக விட்டுவைப்பது வீட்டிலுள்ளவர்களுக்குக் கஷ்டம்தான். அந்தக் குடும்பம் பொறுத்துக்கொண்டது. வைகாசிக் கடைசியில் உப்பு வருவது நின்றபின்தான் பட்டி பார்த்தோம்.

பழைய பெயின்டரையே கூப்பிடச் சொன்னேன். நின்றிருந்த தவணையை முதலில் கொடுத்தார்கள், பிறகு புது வேலைக்குப் பேசினார்கள். அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் பட்டது. அவர் செய்யாத தவறுக்கு ஐந்தாறு மாதம் கூலி நின்றிருந்தது. அந்த நாட்களில் அக்கம்பக்கத்தில் அவர் பெயரும் கெட்டிருந்தது. வீட்டுக்காரர் அவரை நேரில் உட்காரவைத்து, "நாங்க தப்பா நெனச்சுட்டோம்ணே" என்று சொன்னார். அதைச் சொல்ல எல்லாருக்கும் மனசு வராது.

வெளிச்சக் கணக்கு

எத்தனை சுவர் கருப்பு என்பதையும் அந்த இடைவெளியில் மறுபடி யோசித்தோம். அறைக்கு முக்கிய விளக்கு 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று, சுமார் 2,000 லூமென் (ஒளியின் அளவு) தரும். டிஸ்டெம்பர் இருந்தபோது அது தாராளம். நான்கு சுவரும் கருப்பானதும், "டியூப் போட்டாலும் இருட்டாவே இருக்கு" என்றார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். கடையில் கலக்கித் தரும் கருப்பு 5 சதவீதம் அளவுக்குத்தான் அனுப்பும். நாம் ஒரு அறையில் பார்க்கும் வெளிச்சத்தில் பெரும்பங்கு விளக்கிலிருந்து நேராக வருவது இல்லை. சுவருக்குச் சுவர் எதிரொளித்துப் பெருகி வருவது. அந்த அறையின் அளவுகளை வைத்து, சீலிங் வெள்ளை, தரை நடுத்தரம் என்று எடுத்துக்கொண்டு தோராயமாகக் கணக்கிட்டால், சுவர் நான்கும் வெள்ளையாக இருந்தால் கிடைக்கும் மொத்த வெளிச்சத்தில், நான்கும் கருப்பானபின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். இரண்டு சுவர் மட்டும் கருப்பு என்றால் பாதிக்குச் சற்று மேல் மிஞ்சும். ஒரே சுவர் என்றால் இழப்பு முப்பது சதவீதம். சாமான்கள் சேர்ந்தால் இந்த எண்கள் மாறும். ஆனால் எந்தச் சுவரை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுக்க இந்தக் கணக்கு போதும்.

டிவி இருக்கும் சுவரும் அதை ஒட்டிய குளியலறைச் சுவரும் கருப்பு, ஜன்னல் சுவரும் மீதமிருந்த சுவரும் வெளிர் நிறம் என்று முடிவானது. ஜன்னல் இருக்கும் சுவருக்குக் கருப்பு அடிக்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம். பகலில் பளிச்சென்ற ஜன்னலும் அதைச் சுற்றி இருட்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கண் கூசும். ஜன்னலைப் பார்த்து உட்காருகிறவருக்குத் தலைவலிகூட வரலாம். சீலிங்கை வெள்ளையாகவே விட்டோம்.

விளக்கில் வாட்டைக் கூட்டவில்லை, இடத்தைப் பிரித்தோம். படிக்கும் இடத்தில் ஒரு சுவர் விளக்கு, கட்டில் பக்கம் ஒன்று, மாத்திரை வைக்கும் அலமாரிக்கு மேலே ஒன்று. மூன்றும் 3,000 கெல்வின், மஞ்சள் கலந்த ஒளி. இந்த ஊரில் பெரும்பாலான வீடுகளில் இருக்கும் 6,500 கெல்வின் வெள்ளை டியூபில் கருப்புச் சுவர் நீலம் பாய்ந்து, செத்துப்போன மாதிரி நிற்கும். மஞ்சள் ஒளியில் அதே சுவர் பழுப்பு கலந்து மெத்தென்று தெரியும். ஷேட் கார்டில் பார்த்து முடிவெடுக்காமல், இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் அடித்து, பகலிலும் ராத்திரியிலும் அதே சுவரில் சாய்த்துவைத்துப் பார்க்கச் சொல்வேன். கருப்பு என்ற பெயரில் கடையில் கிடைப்பவற்றில் ஒன்றில் நீலம் எட்டிப்பார்க்கும், இன்னொன்றில் பச்சை, வேறொன்றில் பழுப்பு. தனியாகப் பார்த்தால் இது தெரியாது, பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

வெப்பத்தைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், இவர்களும் கேட்டார்கள். மொட்டை மாடியில் வெள்ளை அடிப்பதால் பலன் உண்டு, ஏனென்றால் அங்கே வெயில் நேராக விழுகிறது. வெயில் படாத உள்சுவரில் நிறத்தால் வெப்பம் குறிப்பிடும்படி மாறாது. சுவர் உடம்பை நோக்கி வெளியிடும் வெப்பக் கதிர்வீச்சில் வெள்ளை எமல்ஷனும் கருப்பு எமல்ஷனும் ஏறக்குறைய ஒன்றுதான். மேற்கு ஜன்னல் வழியே மாலை வெயில் நேராகப் படும் சுவர் மட்டும் விலக்கு. அங்கே கருப்பு சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். இது வடக்கு ஜன்னல், அந்தக் கவலை இல்லை.

பட்டியும் பளபளப்பும்

முதல் முறை அடித்தபோது டிவி சுவரில் இன்னொரு குறை இருந்தது, அதற்கும் பெயின்டரையே திட்டியிருந்தார்கள். சீலிங்கில் சுவரை ஒட்டி ஓடிய எல்.இ.டி. பட்டையின் ஒளி சுவரை உரசிக்கொண்டு இறங்கியதால் பூச்சின் மேடு பள்ளம் முழுக்கத் தெரிந்தது. கொத்தனார் மட்டப்பலகை பிடித்த தடம்கூடத் தெரிந்தது. பகலில் அந்தச் சுவர் சமமாகத்தான் இருக்கும். இதைப் பெயின்ட் அடிக்குமுன் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்து, டார்ச்சைச் சுவரோடு படுக்கவைத்துப் பிடித்தால் ஒவ்வொரு குழியும் நிழல் காட்டும். பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போய், அந்த இடங்களில் பட்டியை நிரப்பி, காய்ந்ததும் மட்டப்பலகையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இரண்டாம் முறை பெயின்டர் அப்படித்தான் செய்தார். விளக்குப் பட்டையையும் சுவரிலிருந்து ஒரு அடிக்கு மேல் தள்ளிவைத்தோம்.

பளபளப்பு கூடக் கூட மேடு பள்ளம் தெரியும். முழு மேட் என்றால் கை பட்ட இடமெல்லாம் மினுங்கும், துடைத்த தடம் நிற்கும். கழுவக்கூடிய மேட் என்று இப்போது கிடைப்பதே கருப்புக்குப் பொருத்தம். பிரைமரில் கொஞ்சம் கருப்பு கலந்து சாம்பல் நிறமாக அடித்தால் மேல் கோட்டிங் சீக்கிரம் மூடும். பின்னால் ஒரு கீறல் விழுந்தாலும் வெள்ளையாகப் பல்லிளிக்காது. உப்பு இருந்த சுவர் என்பதால் சிமென்டின் காரத்தன்மையைத் தாங்கும் பிரைமராக எடுத்தோம்.

தேவையான மொத்தப் பெயின்டையும் ஒரே தடவையில் கலக்கி வாங்க வேண்டும். கருப்புக்கு டீப் பேஸ் எனப்படும், வெள்ளை நிறமி இல்லாத அல்லது மிகக் குறைவாகச் சேர்ந்த அடிக்கலவை தனியாக இருக்கிறது. அதில் நிறச்சாறு நிறைய ஏறுவதால் படலம் முழுதாக இறுகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அலமாரியைச் சுவரோடு தள்ளுவதோ ஈரத்துணியால் துடைப்பதோ வேண்டாம். ஒரு இடத்தை மட்டும் டச்சப் செய்ய நேர்ந்தால் ஒட்டுப்போட்ட மாதிரித் தெரியும். மூலையிலிருந்து மூலைவரை முழுச்சுவரும் அடிப்பதே வழி. இந்த விவரத்தை வேலை பேசும்போதே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடச் சொல்லி அந்தப் பெயின்டரிடம் சொன்னேன். பின்னால் சொன்னால் காசு பிடுங்கும் பேச்சு என்று நினைப்பார்கள்.

கருப்போடு குடியிருப்பது

அடுத்த மழைக்காலமும் பொங்கலும் கடந்துவிட்டன. உப்பு வந்த சுவரில் கோடு எதுவும் இல்லை. பாலிதீன் தாளை மார்கழியில் ஒட்டிப் பார்த்தோம், இரண்டு பக்கமும் உலர்ந்தே இருந்தது.

அன்றாடச் சங்கடங்கள் உண்டு, அவற்றை மறைப்பதில் அர்த்தமில்லை. பல்லி எச்சத்தின் வெள்ளை நுனி பளிச்சென்று தெரிகிறது. ஒட்டடை சாம்பல் நிறத்தில் தொங்குவது மற்ற அறைகளைவிட இங்கே முந்தித் தெரிகிறது. உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி கட்டிய கம்பால் வாரம் ஒரு முறை மேலிருந்து கீழாக இழுத்துவிடுகிறார்கள். கொசு விஷயம் இன்னும் முக்கியம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அடர்நிறப் பரப்பையும் இருட்டு மூலையையும் தேடி உட்காரும். கருப்புச் சுவரில் உட்கார்ந்தால் கண்ணுக்கும் தெரியாது. ஜன்னலுக்கு வலை அடித்த பிறகே குழந்தைகளைப் படுக்கவைக்கிறார்கள். வலை அடிக்க முடியாத வீடுகளுக்கு, குழந்தைகள் தூங்கும் அறையில் கருப்பு வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

வாடகை வீட்டுக்காரர்களும் யோசிக்க வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது கருப்பை மீண்டும் வெள்ளையாக்க ஒரு பிரைமரும் மூன்று கோட்டிங்கும் வேண்டியிருக்கும். அட்வான்ஸில் அது கழியும்.

அந்த அம்மா இப்போதும் தன் அறைக்குக் கருப்பு வேண்டாம் என்கிறார். அது அவர் இஷ்டம். ஆனால் பேரனோடு சேர்ந்து டிவி பார்க்க அந்த அறைக்குத்தான் வருகிறார். இரவு விளக்கு தனக்குப் பழகிவிட்டது என்றார்.

மற்ற மாடிகள்

நான்கு தளத்திலும் குளியலறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே வரிசையில் இருக்கின்றன. கட்டியவரும் ஒருவர், டைல்ஸ் பதித்தவர்களும் ஒரே ஆட்கள். அதனால் அதே சுவரை மற்ற வீடுகளிலும் பார்க்கக் கேட்டேன். முதல் மாடியில் கிரீம் நிறச் சுவர், பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. விரல் கணுவால் தட்டியபோது ஸ்கர்ட்டிங்குக்கு மேலே ஒரு முழம் அளவுக்குப் பட்டி சுவரைவிட்டுப் பிரிந்து, டொக் டொக்கென்று வெற்றொலி வந்தது. மூன்றாம் மாடியில் அந்த இடத்தில் பீரோ இருந்தது. நகர்த்தியதும் அதன் அடியில் வெள்ளைப் பொடி ஒரு கைப்பிடி தேறியது.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். அந்த வரிசைக் குளியலறைகள் எல்லாவற்றிலும் ஐப்பசி மழைக்கு முன் தண்ணீர் தேக்கிச் சோதிப்பது, இணைப்புகளுக்கு எபாக்ஸி கிரவுட் போடுவது, செலவைப் பொது நிதியிலிருந்து பாதியும் அந்தந்த வீட்டுக்காரரிடமிருந்து பாதியும் எடுப்பது என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். முதல் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் சுரண்டிப் பட்டி பார்க்கும் வேலையை அந்தப் பெயின்டரிடமே கொடுத்திருக்கிறார்கள்.